ஊசிமேட்டில் கேட்ட டொக் டொக்

"மழை விடட்டும்னு நின்னா இங்கயேதான் நிக்கணும். ஏறலாம்," என்றாள் தமயந்தி.

அபுதாகிர் பேட்டரியைக் கோணிக்குள் வைத்துக் கட்டி முதுகில் ஏற்றிக்கொண்டார். எபநேசர் ரேடியோப் பெட்டியைப் பாலித்தீன் உறையில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டார். தமயந்தியின் தோளில் கேபிள் சுருள். கையில் இரண்டு அலுமினியக் குழாய்கள். அவை அவள் வீட்டு ஜன்னல் திரையைத் தாங்கிக்கொண்டிருந்தவை. திரையைத் தரையில் போட்டுவிட்டுக் குழாயை மட்டும் உருவிக்கொண்டு வந்திருந்தாள்.

தேக்கம்பாறை என்ற அந்த மலையூரில் செல்போன் கோபுரங்கள் எல்லாம் செத்துக் கிடந்தன. மலைமுகட்டுக்கு அந்தப் பக்கம், நெடுங்கல் எஸ்டேட்டில் மண் சரிந்துவிட்டது என்ற ஒரு செய்திதான் கடைசியாக வந்தது. பிறகு பாலமும் போய்விட்டது. மீட்புப் படை ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டாலும் தாலுகா ஆபீஸ் வாசலிலேயே நின்றது. "உள்ளே எந்த இடத்துல ஆளுங்க இருக்காங்கன்னு தெரியாம என் பசங்கள அந்த மண்ணுக்குள்ள அனுப்ப முடியாதும்மா," என்று படைத்தலைவர் சொன்னார். அவர் மேல் கோபப்பட முடியவில்லை. ஒரு பள்ளத்தாக்கு முழுக்க விரிந்து கிடக்கும் எஸ்டேட் அது.

இந்த மூவரும் ஊரிலிருந்த அமெச்சூர் ரேடியோ கிளப்பைச் சேர்ந்தவர்கள். பரீட்சை எழுதி, அரசாங்க உரிமம் வாங்கி, சொந்தக் காசில் ரேடியோ வாங்கிப் பேசுகிறவர்கள். ஊர் அவர்களுக்கு வைத்த பெயர் 'ஹலோ ஹலோ கூட்டம்'. தமயந்தி இன்வெர்ட்டர் பேட்டரிக் கடை வைத்திருந்தாள். அவள்தான் கிளப் செயலாளர். எபநேசர் பாலிடெக்னிக் ஆசிரியர். அபுதாகிர் ஜீப் ஓட்டுகிறவர். முகட்டின் உச்சியான ஊசிமேட்டில் கிளப்புக்கு ஒரு நிலையம் இருந்தது. அங்கிருந்து பேசினால்தான் இந்தப் பக்கம் ஊருக்கும் அந்தப் பக்கம் நெடுங்கல்லுக்கும் கேட்கும். பேரிடர் வந்தால் உதவும் என்று ஆறு வருஷமாகச் சொல்லிச் சொல்லிக் கட்டிய நிலையம். பேரிடர் வந்த முதல் சாயங்காலமே காற்று அதைத்தான் முதலில் தின்றது.

நெடுங்கல்லில் ஒரே ஒரு கைரேடியோ இருந்தது. அதை வைத்திருந்தவர் எஸ்டேட் டிஸ்பென்சரியில் கம்பவுண்டர். பெயர் வீரபத்ரன். தமயந்தியின் கணவர்.

அவரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். வீரபத்ரன் ரேடியோவில் பேசச் சோம்பல்படுகிற மனிதர். ரேடியோக்காரர்கள் சிலரிடம் ஒரு குறுக்கு வழி உண்டு. 'சரி, கேட்டது' என்று வாயால் சொல்லாமல், பேசும் பொத்தானை இரண்டு முறை அமுக்கி விடுவார்கள். எதிர்ப் பக்கத்தில் 'டொக் டொக்' என்று கேட்கும். தமயந்திக்கு அது அறவே பிடிக்காது. உரிமத்தோடு தரப்பட்ட அழைப்புக்குறியைச் சொல்லி, வாய்விட்டுப் பேச வேண்டும் என்பது கிளப் விதி. அந்த விதியை எழுதியவளே அவள்தான். போன ஞாயிறு ரேடியோவில் உறுப்பினர்களின் வருகைப்பதிவு எடுத்தபோது, பத்துப் பேர் கேட்டுக்கொண்டிருக்க, "நெடுங்கல் நிலையம், வாயில என்ன கொழுக்கட்டையா? தொறந்து பேசுங்க," என்று கணவரைக் கடிந்தாள். பதிலுக்கு வந்தது டொக் டொக். அன்று எல்லோரும் சிரித்தார்கள்.

வழக்கமான பாதை முதல் வளைவோடு காணாமல் போயிருந்தது. சோலைக்குள் புகுந்து, வேரைப் பிடித்து ஏறினார்கள். அட்டைகள் கால் விரலிடுக்கில் ஏறின, பிடுங்கிப்போட நேரமில்லை. பாதி வழியில் ஓர் ஓடை. முழங்காலளவு ஓடுகிற தண்ணீர் அன்று இடுப்புக்கு மேல் சிவப்பாகப் புரண்டு வந்தது. கரையிலிருந்து கரைக்கு ஒரு மரம் சாய்ந்து கிடந்தது.

"நான் முன்னாடி போறேன்," என்றார் அபுதாகிர். "சார், கீழ பாக்காதீங்க. என் முதுகையே பாருங்க."

எபநேசருக்கு உயரம் என்றால் குலை நடுக்கம். மொட்டை மாடியில் துணி காயப்போடக்கூட மனைவியைத்தான் அனுப்புவார். ஆனாலும் ஏறினார். அபுதாகிரின் முதுகையே பார்த்துக்கொண்டு மரத்தின் நடுவரைக்கும் வந்துவிட்டார். அங்கே பட்டை உரிந்து கால் வழுக்கியது. அபுதாகிர் திரும்பி அவர் சட்டைக் காலரைப் பிடித்தார். தமயந்தி பின்னாலிருந்து இடுப்பு வாரைப் பிடித்தாள். ஆளைத் தூக்கிவிட்டார்கள். ரேடியோப் பெட்டி மட்டும் அதற்குள் தண்ணீரில் நன்றாகவே முங்கி எழுந்திருந்தது.

அக்கரையில் எபநேசர் பெட்டியைப் பிரித்துத் துடைத்தார். "என்னாலதான் மேடம். நான் வந்திருக்கவே கூடாது."

"நீங்க வரலைன்னா இத யார் சரி பண்றது? எந்திரிங்க சார்."

அவள் குரலில் கனிவு இல்லை. அவளுக்கு அப்போது கனிவுக்கு நேரம் இல்லை. நெடுங்கல் பக்கமிருந்து அவ்வப்போது, ஒரு லாரி ஜல்லி கொட்டுவதைப் போல ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. அது என்ன சத்தம் என்று மூவருக்கும் தெரிந்தது. நடையை வேகப்படுத்தினார்கள்.

உச்சியை அடைந்தபோது மேகத்துக்குள் நின்றார்கள். நிலையக் குடிசையின் தகரக் கூரை போயிருந்தது. கம்பம் இரண்டாக முறிந்து கிடந்தது. உள்ளே மேஜை மேல் தண்ணீர் தேங்கி, பழைய ரேடியோவின் மூடி மேலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. மூலையில் கிளப்பின் பெயர்ப்பலகை மட்டும் ஒரு கீறல் இல்லாமல் நின்றது. அதைப் பார்த்ததும் தமயந்திக்கு எரிச்சல்தான் வந்தது. பலகையை எடுத்துத் தரையில் போட்டு, "இது மேல உக்காருங்க சார், ஈரம் ஏறாது," என்றாள்.

வேலை பறந்தது. முறிந்த கம்பத்தில் நீளமான துண்டை அபுதாகிர் இரண்டு பாறைகளுக்கு நடுவே நட்டு, கயிற்றால் மூன்று பக்கமும் இழுத்துக் கட்டினார். கயிறு அறுத்து அவர் உள்ளங்கை கிழிந்தது; தோளில் கிடந்த துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு மறுபடி இழுத்தார். தமயந்தி திரைக்குழாய்களைத் தன் முழங்கையால் அளந்து அறுத்தாள். அவள் முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை எவ்வளவு என்பது அவளுக்கு மனப்பாடம். அதுதான் ஆண்டெனா. ரேடியோவின் சொந்த ஒலிபெருக்கி தண்ணீர் குடித்து ஊமையாகியிருந்தது, முகப்பு விளக்கும் எரியவில்லை. பழைய ரேடியோவிலிருந்து ஒலிபெருக்கியைப் பிடுங்கி, எபநேசர் கேஸ் சால்டரிங் அயர்னால் வயர்களைப் பற்றவைத்தார். அவர் தலைக்கு மேல் கோணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள் தமயந்தி.

ஸ்விட்சைப் போட்டதும் 'உஸ்ஸ்ஸ்' என்று இரைச்சல் வந்தது. மூவருக்கும் அதுவரை கேட்டதிலேயே இனிமையான சத்தம் அது.

தாலுகா ஆபீஸில் ரேடியோவோடு காத்திருந்தவள் லூர்துமேரி, கிளப்பின் இன்னொரு உறுப்பினர். முதல் அழைப்பிலேயே அவள் குரல் வந்தது. "ஊசிமேடு, தெளிவா கேக்குது. கடவுளே, தெளிவா கேக்குது."

தமயந்தி அலைவரிசையை மாற்றவில்லை. எல்லோருக்கும் ஒரே அலைவரிசைதான். எபநேசர் எட்டி, இரைச்சலை அடைக்கும் குமிழை முழுக்கத் திறந்தே வைத்தார். சாதாரண நாட்களில் அதைத் திருகி இரைச்சலை அடைத்து வைப்பார்கள். குரல் வந்தால் மட்டும் திறந்துகொள்ளும். ஆனால் பலவீனமான குரல் அந்தக் கதவைத் தாண்டாது. அதனால் இன்று இரைச்சலைக் கேட்டே ஆக வேண்டும்.

"நெடுங்கல், நெடுங்கல். ஊசிமேடு கூப்பிடுது. கேட்டா பதில் சொல்லுங்க." பொத்தானை விட்டாள்.

இரைச்சல். பிறகு இரைச்சல் சட்டென்று விழுந்து எழுந்தது. மறுபடி விழுந்து எழுந்தது.

எபநேசர் முகம் சுருங்கியது. "ஸ்பீக்கர் ஜாயிண்ட் மேடம். மழைத்தண்ணி பட்டு சரியா பிடிக்கல. டிரை சால்டர்."

மறுபடி கூப்பிட்டாள். மறுபடி அதே மாதிரி விழுந்து எழுந்தது. அவசரத்தில் பற்றவைத்த வேலை; தண்ணீரில் முங்கிய பெட்டி. பழுது இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம் என்று அவளுக்கும் தோன்றியது. "நிறுத்துங்க. பிரிச்சு ஒழுங்கா பண்ணிடுவோம். அவர் பேசும்போது கட் ஆச்சுன்னா வம்பு."

பேட்டரியைக் கழற்றினார்கள். ஈரக் காற்றில் அயர்ன் சூடேற மறுத்தது. வயரைச் சீவி, துடைத்து, மறுபடி பற்றவைக்க நேரம் பிடித்தது. போட்டார்கள். கூப்பிட்டாள். இரைச்சல் இரண்டு முறை விழுந்து எழுந்தது, முன்பைவிட மெலிதாக.

"அட சனியனே," என்றார் எபநேசர், பாதிரியார் வீட்டுப் பிள்ளை. இந்த முறை அவர் ஆண்டெனா இணைப்பையும் சேர்த்துப் பிரித்தார். தவறு தன்னுடையது என்று அவர் உறுதியாக நம்பினார். தன் கைவேலையில் குற்றம் தேடுகிறவருக்கு வேறு எதுவும் கண்ணில் படாது. தமயந்தி அவரைத் தடுக்கவில்லை. நிலையம் மறுபடி ஊமையானது.

மூன்றாவது முறை போட்டபோது எபநேசர் ஒவ்வொரு வயரையும் பிடித்து இழுத்து, ஆட்டிப் பார்த்தார். இரைச்சல் அசையவில்லை. "இப்ப ஸ்ட்ராங்," என்றார்.

"நெடுங்கல், நெடுங்கல். ஊசிமேடு." பொத்தானை விட்டாள். இரைச்சல் மெல்ல விழுந்தது. எழுந்தது. கொஞ்சம் பொறுத்து, மறுபடி விழுந்து எழுந்தது.

எபநேசர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். தமயந்தி உடைந்துபோனாள். காலையிலிருந்து அடக்கி வைத்ததெல்லாம் மேலே வந்தது. யாரைத் திட்டுகிறோம் என்று தெரியாமலே பொத்தானை அமுக்கிக் கத்தினாள். "நெடுங்கல்! வாயில என்ன கொழுக்கட்டையா? தொறந்து பேசுங்களேன்!"

பொத்தானை விட்டாள். இரைச்சல் விழுந்தது, எழுந்தது. விழுந்தது, எழுந்தது.

அவள் கை அப்படியே நின்றுவிட்டது. "சார், குமிழைத் திருகுங்க. அடைங்க. இரைச்சல அடைங்க."

இரைச்சல் அடங்கும் அளவுக்கு மட்டும் எபநேசர் திருகினார். நிசப்தம். அவள் மறுபடி கூப்பிட்டாள். ஒலிபெருக்கியிலிருந்து வந்தது: டொக். பிறகு, டொக்.

அது பழுது இல்லை. மைக் செத்துப்போன ஒரு ரேடியோவிலிருந்து யாரோ பொத்தானை மட்டும் அமுக்குகிறார்கள். இரைச்சலை அடைத்து வைத்திருந்தால் டொக் டொக் என்று கேட்டிருக்கும். திறந்து வைத்ததால் இரைச்சல் விழுந்து எழுந்தது. முதல் அழைப்பிலேயே பதில் வந்திருக்கிறது. பதில் சொன்னவர்களை நடுவில் விட்டுவிட்டு, இவர்கள் இரண்டு முறை ரேடியோவைப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள்.

"யா அல்லாஹ்," என்று அபுதாகிர் பாறை மேல் உட்கார்ந்துவிட்டார்.

தமயந்தி அழுதாள், சிரித்தாள், மூக்கைத் துடைத்தாள். பிறகு கிளப் செயலாளரின் குரல் திரும்பியது. "நெடுங்கல், கேக்குது. உங்க மைக் வேலை செய்யல. நான் கேள்வி கேக்குறேன். ஆமான்னா ரெண்டு தடவ அமுக்குங்க. இல்லைன்னா ஒண்ணு. புரிஞ்சுதா?"

டொக். டொக். மெதுவாக, அழுத்தி வந்தது. வீரபத்ரனின் டொக் டொக் எப்போதும் படபடவென்று வரும். குளிரில் கை விறைத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

ஃபேக்டரியிலா? டொக். டிஸ்பென்சரியிலா? டொக். மேல்பாடி தொழிலாளர் வீடுகளிலா? டொக். குழந்தைகள் காப்பகத்திலா? டொக் டொக். பத்துப் பேருக்கு மேலா? ஆமாம். இருபதுக்கு மேலா? ஆமாம். முப்பதுக்கு மேலா? இல்லை. கைக்குழந்தைகள்? ஆமாம். நடக்க முடியாதவர்கள்? ஆமாம். அவள் ஒவ்வொன்றாகக் கேட்க, கீழே லூர்துமேரி எல்லாவற்றையும் படைத்தலைவரிடம் சொன்னாள்.

"யாராவது... இறந்துட்டாங்களா?" என்று கேட்டாள் தமயந்தி.

கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு, டொக். டொக்.

"ஒருத்தரா?"

டொக். டொக்.

"தாலுகா ஆபீஸ், குறிச்சுக்க லூர்து," என்றாள் தமயந்தி. "இறப்பு ஒன்று."

மீட்புப் படை கூப்பு ரோடு வழியாகக் கிளம்புகிறது என்று லூர்துமேரி சொன்னாள். மரம் வெட்டி இறக்கப் போட்ட பழைய மண்பாதை அது; அதைவிட்டால் அந்தப் பக்கம் வேறு வழி கிடையாது என்றுதான் வரைபடம் சொன்னது. தமயந்தி அதை நெடுங்கல்லுக்குச் சொல்லிப் பொத்தானை விட்டதுதான் தாமதம். டொக் என்று வந்தது. டொக். டொக். டொக். நடுவில் இடைவெளி விட்டு, விட்டு, விடாமல்.

"இல்லைங்கிறாங்க," என்றார் எபநேசர். "வேணாம்கிறாங்க மேடம்."

"கூப்பு ரோடு மேல மண்ணு அசையுதா?" டொக் டொக். "லூர்து, நிறுத்தச் சொல்லு! உடனே நிறுத்தச் சொல்லு!" பிறகு நெடுங்கல்லிடம்: "ஆத்தோரமா வரலாமா?" இல்லை. "காபிக் காட்டு வழியா? மேல பங்களாவச் சுத்திக்கிட்டு?" ஆமாம். "நிச்சயமாவா?" டொக் டொக்.

படை திரும்பி, காபிக் காட்டுக்குள் ஏறியது. அவர்கள் பங்களாவை எட்டுவதற்குள் அந்த லாரி ஜல்லிச் சத்தம் மறுபடி வந்தது, இந்த முறை நீளமாக. ஊசிமேட்டில் பாறை அதிர்ந்தது. கூப்பு ரோடு இருந்த இடத்தில் செம்மண் மட்டும்தான் மிச்சம் என்று பிறகு தெரிந்தது. மூவரும் ரேடியோவை நெருங்கிக் குனிந்தார்கள், லூர்துமேரியின் குரல் வந்தது. "படை பத்திரம்," என்றாள். "எல்லாரும் பத்திரம்."

வெளிச்சம் மங்கத் தொடங்கியபோது, படை காப்பகத்தின் கூரையைப் பார்த்துவிட்டது என்று செய்தி வந்தது. இனி கேட்க வேண்டிய கேள்வி ஏதுமில்லை. தமயந்தி மைக்கை வாயருகே கொண்டுபோனாள். அதுவரை ஒரு கேள்வியை அவள் தள்ளித் தள்ளி வைத்திருந்தாள். நிலையத்தின் நேரத்தைச் சொந்த விஷயத்துக்கு எடுக்கக் கூடாது என்பதும் அவள் எழுதிய விதிதான்.

"ஏங்க," என்றாள். குரல் தணிந்திருந்தது. "அது நீங்கதானே?"

எதுவும் வரவில்லை. எபநேசர் குமிழை முழுக்கத் திறந்து, ஒலிபெருக்கியில் காதை வைத்தார். இரைச்சல் விழவில்லை. அவள் மறுபடி கேட்டாள். விழவில்லை.

"பேட்டரி தீர்ந்திருக்கும்," என்றாள் தமயந்தி. "இவ்வளவு நேரம் வந்ததே பெரிசு." ஆமாம் மேடம் என்றார் எபநேசர். ஆமாக்கா என்றார் அபுதாகிர்.

விடிந்ததும் இறங்கினார்கள். ஊர் எல்லையிலேயே கூட்டம் நின்றது. 'ஹலோ ஹலோ கூட்டம்' என்று பெயர் வைத்த டீக்கடைக்காரரே ஓடிவந்து அபுதாகிரின் முதுகிலிருந்த பேட்டரியை வாங்கிக்கொண்டார். படைத்தலைவர் எபநேசரின் கையைக் குலுக்கினார். யாரோ மாலைகூடக் கொண்டுவந்திருந்தார்கள். தமயந்தி எதையும் வாங்காமல் பள்ளிக்கூட முகாமுக்கு நடந்தாள். வழிவிட்டவர்களின் முகம் ஏன் கீழே பார்க்கிறது என்று யோசிக்காமல் நடந்தாள்.

வாசலில் ஒரு பெண் எழுந்து நின்றாள். சேற்றில் ஊறிய புடவை. முந்தானையில் சுற்றிய கைரேடியோ. காப்பகத்து ஆயா முத்துப்பேச்சி.

"அக்கா," என்று ரேடியோவை நீட்டினாள்.

தமயந்தி ரேடியோவை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். ஸ்விட்சைத் திருகினாள். இரைச்சல் வந்தது. பேட்டரி தீரவே இல்லை.

"டிஸ்பென்சரியில இருந்த புள்ளைகள ஒவ்வொண்ணாக் காப்பகத்துக்குத் தூக்கிட்டு வந்தாரு," என்றாள் முத்துப்பேச்சி. "கடைசித் தடவ டிஸ்பென்சரிச் செவரு நெஞ்சுல விழுந்திருச்சு. நாங்கதான் இழுத்துட்டு வந்து போட்டோம். மைக்குல தண்ணி போயிருச்சு, பேச முடியாதுன்னாரு. ஒங்க கொரல் வந்தப்ப அவருதான் அமுக்குனாரு. ஒடனே சத்தம் நின்னு போச்சு. சிரிச்சாருக்கா. 'கம்பி லூஸுன்னு நெனச்சிருப்பா. இப்பப் பிரிச்சுப் போட்டுட்டு ஒக்காந்திருப்பா பாரு'ன்னாரு. ரெண்டாவது வாட்டியும் அவருதான். அப்புறம் மறுபடி நின்னுச்சு. 'திரும்ப வருவா. வந்தா ரெண்டு தடவ அமுக்கு. திட்டுவா. திட்டிட்டுப் புரிஞ்சுக்குவா'ன்னு ஏங் கையில குடுத்தாரு. நீங்க மூணாவது வாட்டி வர்றதுக்குள்ள..."

தமயந்தி சுவரில் சாய்ந்தாள். இறப்பு ஒன்று. குறிச்சுக்க லூர்து.

"கடைசியா ஒண்ணு கேட்டீங்க," என்றாள் முத்துப்பேச்சி. "ரெண்டு அமுக்குனா பொய். ஒண்ணு அமுக்க எனக்கு வெரல் வரலக்கா. மன்னிச்சிருங்க."

தமயந்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அதன் பிறகுதான் அழுதாள். முகாமே கேட்க அழுதாள். இரண்டு முறை பிரித்துப் போட்ட ரேடியோவுக்காகவும் அழுதாள். முன்பே கண்டுபிடித்திருந்தாலும் அவர் பிழைத்திருக்க மாட்டார் என்று டாக்டர் பிறகு சொன்னார். அவள் அதை நம்பினாளா என்று யாரும் கேட்கவில்லை.

ஊசிமேட்டில் இப்போது இரும்புக் கம்பம் நிற்கிறது. ஆண்டெனாவாக அதே திரைக்குழாய்கள்தான். நல்லது வாங்கிக்கொள்ளலாம் என்று எபநேசர் சொல்லியும் அவள் மாற்ற விடவில்லை. கிளப் விதிகளில் இரண்டு மாறின. பேரிடர் நேரத்தில், பதில் வரும்வரை இரைச்சலை அடைக்கக் கூடாது. பழுது என்று எதையும் பிரிப்பதற்கு முன்னால், அந்தப் பக்கம் ஆள் இருக்கிறாரா என்று கேள்வி கேட்டுப் பார்க்க வேண்டும்.

நெடுங்கல் நிலையம் மறுபடி இயங்குகிறது. உரிமத் தேர்வை இரண்டாம் முயற்சியில் எழுதி ஜெயித்த முத்துப்பேச்சி அதை நடத்துகிறாள். நல்ல மைக், கணீரென்ற குரல். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை வருகைப்பதிவில் தமயந்தி "நெடுங்கல்" என்று கூப்பிட்டதும், முதலில் வருவது டொக் டொக். அதற்குப் பிறகுதான் முத்துப்பேச்சி வாய் திறந்து தன் அழைப்புக்குறியைச் சொல்கிறாள். தமயந்தி ஒரு நாளும் அவளைத் திட்டியதில்லை.